சேலையும் கமராவும்

கல்லூரியிற் பயிலும் இளைஞர்மீது, சிறப்பாக மாணவியர்மீது, நம்மவர் சுமத்தும் குற்றச்சாட்டுகளுள் இரண்டு அடிக்கடி காதில் விழுகின்றன. உடையிலும் தோற்றத்திலும் அவர்கள் அளவுக்கு மிஞ்சிய அக்கறை காட்டுகிறார்கள் என்பது ஒன்று. கண்ணிற்பட்டதையெல்லாம் படம்பிடித்துத் திரிகிறார்கள் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் படிப்பைக் கெடுக்கும் வீண் பொழுதுபோக்குகள் என்பதே பெற்றோர் பலரதும் ஆசிரியர் பலரதும் முடிந்த முடிபு. அம்முடிபிலே உண்மை சிறிதும் இல்லையென்று வாதிடுவது எமது நோக்கமன்று. துணி வியாபாரியின் விளம்பரத்திற்குத் தம்மையறியாமலே அடிமைப்பட்டுவிடும் இளம் உள்ளங்கள் உண்டு என்பதை நாம் அறிவோம். ஆயினும், தோற்றத்தைப் பற்றிய சிந்தனையும் படம்பிடிக்கும் ஆர்வமும் ஒரே மாணவியிடத்திற் கூடியபோது, அவற்றிலிருந்து ஒரு தேசத்தின் வரலாற்றுச் சாட்சியமே பிறந்தது என்பதற்கு இந்திய உபகண்டத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1930களின் பிற்பகுதியிலே, பம்பாயின் கலைக்கல்லூரியிற் பயின்ற காலத்திற் கமராவைக் கையில் எடுத்த ஹோமாய் வியாரவாலா என்னும் பார்சிப் பெண்ணின் வரலாறே அது.

உடை அற்ப விடயம் என்று எண்ணுவோர் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்த்தல் வேண்டும். யார் எதனை உடுக்கலாம், யார் எதனை உடுக்கலாகாது என்பதை வைத்தே நமது சமுதாயம் மனிதரைத் தரம்பிரித்து வந்திருக்கிறது. திருவிதாங்கூரிலே நாடார் குலப் பெண்கள் தோளை மறைக்கும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராடியதன் பின்னரே, 1859ஆம் ஆண்டில் அரச பிரகடனம் ஒன்றின் மூலம் அவர்கள் மேலாடை அணிவதற்கு இடமளிக்கப்பட்டது. அதுவும் உயர்குலத்தார் அணியும் பாணியிலே அணியலாகாது என்ற நிபந்தனையுடனேயே அளிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்திலும் ஒடுக்கப்பட்ட மக்கள் மேலாடை அணிவதற்கு இருந்த தடைகளை நமது வாசகர் அறியாதவரல்லர். உடையைப் பறிப்பதன் மூலம் மனிதனைத் தாழ்த்தலாம் என்பதை ஆதிக்கம் செலுத்தியோர் நன்கு அறிந்திருந்தனர். ஆகவே, உடையைத் தெரிந்துகொள்ளும் உரிமை என்பது மனிதனாக மதிக்கப்படும் உரிமையின் ஒரு கூறேயாகும்.

இந்திய விடுதலை இயக்கமும் உடையின் வலிமையை உணர்ந்திருந்தது. 1921 ஜூலை 31ஆம் நாள் பம்பாயிலே அந்நியத் துணிகள் மலையெனக் குவிக்கப்பெற்றுத் தீயிடப்பட்டன. அதே ஆண்டு செப்ரெம்பர் மாதம், தமிழ்நாட்டு மதுரையிலே, காந்தியடிகள் தமது வழமையான உடையைக் களைந்து ஏழைக் குடியானவனின் அரைத்துண்டை ஏற்றுக்கொண்டார். மதுரையில் ஒருவர் எடுத்த முடிபு உலகமெங்கும் பேசப்படும் அடையாளமாக மாறியது எவ்வாறு? பேச்சினாலும் எழுத்தினாலும் மாத்திரமன்று. பத்திரிகைகளில் வெளிவந்த படங்களினாலேயே அது பெரும்பாலும் நிகழ்ந்தது. 1931இல் வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் சென்ற அவரை, அரைத்துண்டும் போர்வையுமாக உலகப் பத்திரிகைகள் படம்பிடித்தன. எழுத்தறியாத குடியானவனும் அப்படத்தை வாசித்தான். உடையும் கமராவும் கூடும்போது உண்டாகும் ஆற்றல் எத்தகையது என்பதை அப்படங்கள் காட்டின.

கமராவுக்கு இவ்வாற்றல் ஒரே நாளில் வந்துவிடவில்லை. புகைப்படக்கலை 1839இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டதாயினும், புகைப்படத்தை அப்படியே பத்திரிகைத் தாளில் அச்சிடும் வழி நெடுங்காலம் கைவரவில்லை. படத்தைப் பார்த்து ஒருவர் மரக்கட்டையிலே செதுக்க, அச்செதுக்கலே அச்சாகும். நிழலையும் ஒளியையும் நுண்ணிய புள்ளிகளாகப் பகுத்து அச்சுக்கட்டை செய்யும் முறை 1880களிலிருந்து பரவிய பின்னரே செய்தித்தாளிற் புகைப்படம் இடம்பெறத் தொடங்கிற்று. பின்னர், 1925இல் ஜேர்மனியிலே விற்பனைக்கு வந்த லைக்கா, 1929இல் வந்த றோலிபிளெக்ஸ் முதலிய சிறு கமராக்கள் படப்பிடிப்பைக் கூடத்திலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்தன. அமெரிக்காவில் 1936 நவம்பரில் ‘லைஃப்’ சஞ்சிகை படங்களுக்கே முதலிடமளித்து வெளிவந்தது. இந்தியாவில் அவ்வாறு படங்களால் நிறைந்திருந்த சஞ்சிகை பம்பாயிலிருந்து வெளிவந்த ‘இலஸ்ரேட்டட் வீக்லி ஒவ் இந்தியா’ ஆகும். செய்திப் படக்கலை என்னும் புதிய தொழில் இவ்வாறு உருவாகியது. ஆனால் அத்தொழிலில் இந்தியப் பெண்ணுக்கு இடம் இருக்கும் என்று அன்று எவரும் எண்ணியிருக்கவில்லை.

ஹோமாய் 1913 டிசெம்பர் 9ஆம் நாள் குஜராத்திலுள்ள நவசாரி என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் ஊர் ஊராகச் சென்று நாடகமாடும் உருது-பார்சி நாடகக் குழுவொன்றைச் சேர்ந்தவர். உடையும் ஒப்பனையும் ஒரு மனிதனை அரசனாக்கவும் ஆண்டியாக்கவும் வல்லன என்பதை நாடகக்காரனின் பிள்ளைக்கு வேறெவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. செல்வம் மிகுந்த குடும்பம் அன்று. பிள்ளையின் படிப்பின் பொருட்டுக் குடும்பம் பம்பாயிலே தங்கியது. மெற்றிக்குலேசன் வகுப்பிலே அவர் ஒருவரே பெண். பெண்பிள்ளையைப் படிப்பிக்கும் வழக்கம் பார்சிச் சமூகத்தில் ஏனைய சமூகங்களிலும் பார்க்க முன்னரே வேரூன்றியிருந்ததாயினும், சாதாரண குடும்பத்துப் பெண் கல்லூரிவரை செல்வது அன்று எளிதான காரியமன்று. பின்னர் அவர் பம்பாய்ப் பல்கலைக்கழகத்திலும் சேர். ஜே. ஜே. கலைக்கல்லூரியிலும் கல்வி பயின்றார்.

அவர் மாணவியாக இருந்த பம்பாய் எத்தகைய நகரம் என்பதையும் நாம் மனத்திற்கொள்ளுதல் வேண்டும். 1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் நிகழ்ந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் அந்நகரின் தெருக்களிலே இறங்கினர். கடற்கரையிலே உப்புக் காய்ச்சினர். அந்நியத் துணிக்கடைகளின் முன் மறியல் செய்தனர். சேலையுடுத்த பெண் வீட்டுக்குள் இருக்கவேண்டியவள் என்ற எண்ணம் அன்றே அசையத் தொடங்கிவிட்டது. அப்போது ஹோமாய்க்கு வயது 16. கல்லூரி வளவிலே தனித்து நடக்கவும், ஆடவரோடு அமர்ந்து சித்திரம் தீட்டவும், தனக்கு எந்த உடை பொருந்தும் என்பதைத் தானே முடிவு செய்யவும் துணிந்த மாணவியர் தலைமுறை ஒன்று அந்நகரிலே உருவாகிக்கொண்டிருந்தது. அத்தலைமுறையின் முகத்தைப் படத்திலே பதித்தவர்களுள் ஹோமாய் முக்கியமானவர்.

அவருக்குப் படப்பிடிப்பைக் கற்பித்தவர் மானெக்ஷா வியாரவாலா. ‘ரைம்ஸ் ஒவ் இந்தியா’ நிறுவனத்திலே கணக்காளராகவும் படப்பிடிப்பாளராகவும் பணியாற்றிய அவரை ஹோமாய் தமது 13ஆவது வயதிலே சந்தித்தார். 1941இல் இருவரும் மணம் செய்துகொண்டனர். றோலிபிளெக்ஸ் கமராவைக் கண்ணுக்கு நேரே பிடிப்பதில்லை. மார்புக்குக் கீழே பிடித்துக்கொண்டு, மேலிருந்து அதன் கண்ணாடித் தட்டிலே குனிந்து பார்த்தே படம் எடுத்தல் வேண்டும். சுருள் ஒன்றிலே 12 படங்களே எடுக்கலாம். ஆகவே, ஒவ்வொரு படத்தையும் எடுக்குமுன் எண்ணிப்பார்க்கும் பழக்கம் கையோடு வந்துவிடும். சித்திரக் கல்வியிலே ஒளியையும் உருவ அமைப்பையும் பயின்ற மாணவிக்கு அக்கருவி இயல்பாகவே கைவந்தது.

அக்காலத்தில் அவர் எடுத்த படங்களுள், உடன்பயின்ற ரெஹானா மொகுல் என்னும் மாணவியின் படங்கள் இன்று பெரிதும் பேசப்படுகின்றன. கூடங்களிலே எடுக்கப்பெற்ற அக்காலத்துப் பெண்களின் படங்களை நாம் கண்டிருக்கிறோம். திரைச்சீலையின் முன், கதிரையின் கைப்பிடியைப் பற்றியபடி, மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டுவதற்கென்றே எடுக்கப்பெற்றவை போன்று அவை விளங்கும். அங்கே பெண் பார்க்கப்படும் பொருள். ஹோமாயின் படங்களிலோ, தோழி தன் தோற்றத்தைத் தானே ஆளுகின்றாள். நிற்கும் நிலையிலும் தலையை ஏந்தும் முறையிலும் தன்னைப் பற்றிய தெளிவு தெரிகின்றது. இரண்டு மாணவியர், ஒருத்தி கமராவின் பின்னும் மற்றவள் அதன் முன்னுமாக நின்று, பெண் எவ்வாறு காணப்படவேண்டும் என்பதைத் தமக்குள்ளே தீர்மானித்துக்கொண்டனர். பார்ப்பவளும் பெண், பார்க்கப்படுபவளும் பெண். கல்லூரிப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கத்தக்க இப்படங்களிலேதான் பின்னாளைச் செய்திப் படப்பிடிப்பாளரின் கண் பழகியது.

அவருடைய படம் முதன்முதலாகப் ‘பொம்பே குரோனிக்கல்’ பத்திரிகையிலே வெளிவந்தது. படம் ஒன்றுக்குக் கிடைத்த ஊதியம் 1 ரூபா. உலக யுத்தம் தொடங்கிய காலத்திலிருந்து ‘இலஸ்ரேட்டட் வீக்லி’யிலும் அவருடைய படங்கள் இடம்பெறலாயின. ஆனால், படங்களின் கீழே அச்சாகிய பெயர் அவருடையதன்று, கணவருடையது. அறியப்படாதவர், அதிலும் பெண் எடுத்த படம் என்றால் மதிப்பில்லை என்பதே காரணம். இதிலே மானெக்ஷாவைக் குறைகூறுவதற்கு இடமில்லை. கற்பித்தவரும் ஊக்கியவரும் அவரே. குறை, உழைப்பை வாங்கிக்கொண்டு உழைத்தவளின் பெயரை மறைத்துவிடும் வழமையிலேயே இருக்கிறது. வயலிலே நாற்று நடும் பெண்ணின் உழைப்பும், தறியின் அருகே நூல் சுற்றும் பெண்ணின் உழைப்பும் குடும்பத் தலைவனின் பெயரிலே கணக்கிடப்படும் சமுதாயத்திலே, கமராவைத் தூக்கிய பெண்ணுக்கு மாத்திரம் வேறு நியாயம் கிடைத்துவிடாது அல்லவா?

இவ்விடத்தில் அமெரிக்காவிலே ஏறத்தாழ அதே தொழிலைச் செய்த மார்கிரட் பேர்க்-வைற் என்பவரை ஒப்புநோக்குதல் பயனுடையது. அவரும் மாணவியாக இருந்தபோதே கமராவைக் கையாண்டவர். கோர்ணெல் பல்கலைக்கழகத்திலே பயின்று 1927இல் பட்டம் பெறுமுன், அப்பல்கலைக்கழகக் கட்டடங்களைப் படம்பிடித்தே பெயர் பெற்றவர். ‘லைஃப்’ சஞ்சிகையின் முதல் இதழின் அட்டையை அலங்கரித்தது, மொன்ரானா மாநிலத்து ஃபோர்ட் பெக் அணையைக் காட்டும் அவருடைய படமே. யுத்தகாலத்தில் அமெரிக்கப் படையோடு செல்ல அவர் அனுமதி பெற்றபோது, யுத்த நிருபரான பெண்ணுக்கு எந்த உடை என்ற கேள்வி எழுந்தது. அதிகாரிகளின் உடையைத் தழுவிய சீருடை ஒன்று அவருக்கென ஆக்கப்பட்டது. அங்கே ஒரு வல்லரசும் ஒரு பெருஞ் சஞ்சிகையும் பெண்ணுக்குப் பின்னால் நின்றன. ஹோமாய்க்குச் சீருடை தைத்துக்கொடுக்க எவரும் இருக்கவில்லை. தாம் நாள்தோறும் உடுத்த சேலையையே அவர் தொழிலுடையாக்கிக் கொண்டார்.

1942இல் ஹோமாயும் கணவரும் பிரித்தானியத் தகவற் சேவையிலே பணிபுரியும் பொருட்டு டில்லிக்குக் குடிபெயர்ந்தனர். அரசாங்க அலுவலகம், தூதுவர் விருந்து, சட்டமன்றம், அணிவகுப்பு என்று சேலையுடுத்த அப்பெண் துவிச்சக்கரவண்டியிலே கமராக்களைச் சுமந்து திரிந்தார். றோலிபிளெக்ஸ் ஒருபுறமிருக்க, பத்திரிகைக்காரர் அந்நாளில் விரும்பிப் பயன்படுத்திய ‘ஸ்பீட் கிராபிக்’ பாரம் மிகுந்த பெருங் கருவி. 4 அங்குலத்துக்கு 5 அங்குலம் கொண்ட தனித்தனித் தகடுகளை ஒவ்வொரு படத்துக்கும் மாற்றுதல் வேண்டும். ஒளிக்குமிழ் ஒருமுறை எரிந்தால் அதனோடு முடிந்தது. சூட்டோடு சூடாக அதனைக் கழற்றி அடுத்ததைப் பொருத்துதல் வேண்டும். ஆண்கள் முண்டியடிக்கும் கூட்டத்திலே, முந்தானையைச் செருகிக்கொண்டு, இவற்றையெல்லாம் செய்தவரை நாம் நினைத்துப் பார்த்தல் வேண்டும். உடையும் தோற்றமும் பற்றிய அக்கறை உழைப்புக்குப் பகை என்று கூறுவோருக்கு இதனிலும் சிறந்த விடை கிடையாது.

அச்சேலை அவருக்கு எதிர்பாராத உதவியொன்றையும் செய்தது. கமராவோடு அலையும் பெண்ணை முதலில் எவரும் பொருட்படுத்தவில்லை. ஏதோ பகட்டுக்காகத் தூக்கித் திரிகிறாள் என்றே எண்ணினர். அதனாற் காவலர் தடுக்கும் இடங்களுக்குள்ளும் தாம் இலகுவாகச் செல்ல முடிந்தது என்றும், படங்கள் பத்திரிகையிலே வெளிவந்த பின்னரே தாம் மெய்யாகவே தொழில் செய்கிறோம் என்பது பிறருக்குத் தெரிந்தது என்றும் ஹோமாய் பிற்காலத்திற் கூறியிருக்கிறார். பெண் எதையும் பொருட்படத்தக்கதாகச் செய்யமாட்டாள் என்ற இளக்காரத்தையே அவர் நுழைவுச் சீட்டாக மாற்றிக்கொண்டார். இது அவருடைய சாமர்த்தியத்துக்குச் சான்று. அதே வேளை அச்சமுதாயத்தின் குருட்டுத்தனத்துக்கும் சான்று.

இவ்வாறு உள்ளே நுழைந்த கமராதான் உபகண்டத்தின் தலைவிதி மாறிய நாள்களுக்குச் சாட்சியாக நின்றது. 1947 ஜூன் மாதம் காங்கிரசார் பிரிவினைத் திட்டத்தின்மீது வாக்களித்த கூட்டத்தை ஹோமாய் படம்பிடித்தார். கைகள் உயர்ந்திருக்கும் அப்படத்தை நோக்குமிடத்து உள்ளம் நடுங்குகிறது. படத்திலே இரத்தம் இல்லை; அகதி இல்லை; எரியும் வீடு இல்லை. மண்டபமொன்றிலே அமர்ந்திருக்கும் மனிதர் கைகளை உயர்த்தியிருக்கின்றனர், அவ்வளவே. ஆனால் அக்கைகள் உயர்ந்ததன் விளைவாக எத்தனை இலட்சம் மக்கள் ஊரிழந்தனர், உறவிழந்தனர், உயிரிழந்தனர் என்பதை அறிந்த நாம் இன்று அப்படத்தை வேறு கண்ணோடு பார்க்கிறோம். கோரத்தைக் காட்டாமலே கோரத்தின் தோற்றுவாயைக் காட்டிய படம் அது. செய்திப் படக்கலையின் உயர்ந்த பயன் இதுவேயாகும்.

1947 ஓகஸ்ட் 16ஆம் நாள் செங்கோட்டையிலே முதன்முறையாகத் தேசியக் கொடி ஏற்றப்பட்டதையும், 1948 ஜூன் மாதம் மவுண்ட்பேற்றன் பிரபு விடைபெற்றுச் சென்றதையும் அவர் படமாக்கினார். இவற்றுக்கிடையே காந்தியடிகளின் மறைவு நிகழ்ந்தது. 1948 ஜனவரி 30ஆம் நாள் மாலைப் பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் புறப்பட்ட ஹோமாய் இடைவழியிலே திரும்பிவிட நேர்ந்தது. அன்றுதான் காந்தியடிகள் சுடப்பட்டார். அந்நிகழ்ச்சியைத் தவறவிட்டதைப் பற்றி அவர் வாழ்நாள் முழுவதும் வருந்தினார். மறுநாள் நடைபெற்ற இறுதி ஊர்வலத்தையும் தகனத்தையும் அவருடைய கமரா பதிவு செய்தது. 26 ஆண்டுகளுக்கு முன் மதுரையிலே அரைத்துண்டை ஏற்ற மனிதரின் இறுதிப் பயணம் சேலையுடுத்த பெண்ணொருத்தியின் கமராவிலும் பதிவாயிற்று.

ஹோமாயின் கமராவுக்கு மிகவும் உவப்பான மனிதர் ஜவஹர்லால் நேரு. தோற்றத்தின் நுட்பத்தை நேருவும் நன்கு அறிந்தவர். நீண்ட மேற்சட்டையும், பொத்தானிலே செருகிய ரோஜாவும், வெள்ளைத் தொப்பியும் அவருடைய அரசியலின் ஒரு பகுதியாகவே விளங்கின. அவ்வலங்காரத்தின் பின்னாலுள்ள மனிதனைப் பிடித்ததே ஹோமாயின் திறமை. விமானத்தினுள்ளே, உதட்டிற் சிகரெட்டோடு, பிரித்தானியத் துணை உயர்ஸ்தானிகரின் மனைவியாரின் சிகரெட்டுக்குத் தீ மூட்டிவிடும் நேருவை ஒரு படத்திலே காண்கிறோம். தமக்கை அன்று, தங்கையாகிய விஜயலட்சுமி பண்டிற்றின் வரவை எதிர்பார்த்து விமான நிலையத்தில் நிற்கும் நேருவின் பக்கத்திலே, படம்பிடித்தல் முற்றாகத் தடைசெய்யப்பட்டுள்ளது என்னும் அறிவிப்புப் பலகை நிற்பதை மற்றொரு படத்திலே காண்கிறோம். தடையையே படத்தின் பொருளாக்கிய அக்குறும்பு கல்லூரி மாணவியிடமிருந்து இன்னும் மறைந்துவிடவில்லை.

ஒரு விடயத்தை இங்கே கூறாமல் விடுதல் நேர்மையாகாது. ஹோமாயின் டில்லிப் படங்களிலே பெரும்பாலும் நாம் காண்பது ஆட்சியாளரையும் விருந்தினரையுமே. 1956இல் நாது லா கணவாய் வழியாகச் சிக்கிமுக்குள் வந்த தலாய் லாமா, 1958இல் இந்தியா வந்த ஹோ சி மின், 1961இல் வந்த எலிசபெத் மகாராணியார், 1962இல் வந்த ஜக்குலின் கென்னடி என்று அப்பட்டியல் நீளும். அம்மாளிகைகளைக் கட்டிய கொத்தனும், அவ்விருந்துகளுக்குச் சமைத்தவனும் அங்கே அரிதாகவே தெரிகின்றனர். தலைநகரப் பத்திரிகைத் தொழில் கேட்டவற்றையே அவர் பெரும்பாலும் கொடுத்தார். கமரா எங்கே நிறுத்தப்படுகிறது என்பதை அதனைப் பிடித்திருப்பவர் மாத்திரம் தீர்மானிப்பதில்லை. படத்துக்குக் கூலி கொடுப்பவரும் தீர்மானிக்கிறார். இது ஹோமாயின் பெருமையைக் குறைப்பதன்று. அவர் விட்ட இடத்திலிருந்து பின்வருவோர் தொடரவேண்டிய பணியைச் சுட்டுவதே.

காலப்போக்கில் அவர் தமக்கெனப் புனைபெயர் ஒன்றையும் சூடிக்கொண்டார். பிறந்த ஆண்டு 1913. கணவரைச் சந்தித்த வயது 13. வாங்கிய மோட்டார் வண்டியின் இலக்கமோ ‘டி. எல். டி. 13’. ஆகவே ‘டால்டா 13’ என்று தம்மை வேடிக்கையாக அழைத்துக்கொண்டார். டால்டா என்பது வீடுதோறும் சமையலறையிலே இருந்த வனஸ்பதி நெய்யின் பெயர் என்பதை வாசகர் அறிவர். கணவரின் பெயருக்குள் மறைந்து தொடங்கியவர், அடுக்களைப் பொருளொன்றின் பெயரையும், பலர் அபசகுனமெனக் கருதும் எண்ணையும் சேர்த்துத் தம் முத்திரையாக்கியதிலே ஒரு மிடுக்கு இருக்கிறது.

1969இல் மானெக்ஷா காலமானார். அதற்கு அடுத்த ஆண்டில், புகழோடு விளங்கிய வேளையிலேயே, ஹோமாய் கமராவைக் கீழே வைத்துவிட்டார். அதற்கு அவர் கூறிய காரணம் சிந்தனைக்குரியது. தம் காலத்துப் படப்பிடிப்பாளர்களுக்கு ஒழுங்குகள் இருந்தன, உடையிலுங்கூட ஒரு கட்டுப்பாட்டைக் கைக்கொண்டனர், ஒருவரையொருவர் மதித்தனர், பின்வந்தோரோ விரைவிற் பணம் பண்ணுவதிலேயே குறியாயிருந்தனர், அக்கூட்டத்திலே ஒருத்தியாக இருக்கத் தாம் விரும்பவில்லை என்பதே அவருடைய வாதம். மூத்த தலைமுறை இளைய தலைமுறையைக் குறைகூறும் வழமையான குரல் இதிலே ஓரளவு ஒலிக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், உடையிற் கட்டுப்பாடு என்று அவர் கூறியதைப் பகட்டு என்று கொள்ளலாகாது. இன்னொருவருடைய துக்கத்தினுள்ளும் மகிழ்ச்சியினுள்ளும் கமராவோடு நுழைபவர், அவரை மதிக்கிறோம் என்பதைத் தம் தோற்றத்தினாலேயே முதலிற் காட்டுதல் வேண்டும் என்பதே அதன் பொருள். மாணவியாக இருந்தபோது தோழியின் தோற்றத்தை எவ்வளவு மரியாதையோடு நோக்கினாரோ, அதே மரியாதை இங்கே தொழில் தர்மமாக வளர்ந்து நிற்கிறது.

அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் படம்பிடிக்கும் தொழிலுக்குத் திரும்பவில்லை. மகனோடு ராஜஸ்தானத்துப் பிலானியிலும், பின்னர் வடோதராவிலும் வாழ்ந்தார். மகன் 1989இற் காலமானபின் தனிமையே துணையாயிற்று. அவர் எடுத்த படங்களைத் தேசம் கண்டுகொண்டேயிருந்தது. எடுத்தவர் யார் என்பதைப் பெரும்பாலும் மறந்துவிட்டது. சபீனா கடிஹோக் என்னும் ஆய்வாளர் அவரைத் தேடிச்சென்று உரையாடி எழுதிய நூல் 2006இல் வெளிவந்ததன் பின்னர் அவர் பெயர் மீண்டும் பேசப்படலாயிற்று. அவருடைய படத்தொகுதி டில்லியிலுள்ள அல்காசி நிறுவகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2010இல் தேசிய நவீன கலைக்கூடத்திலே கண்காட்சி நடைபெற்றது. 2011இல் இந்திய அரசு ‘பத்ம விபூஷண்’ விருதளித்தது. 2012 ஜனவரி 15ஆம் நாள், தமது 98ஆவது வயதிலே, அவர் மறைந்தார். இந்தியாவின் முதற் பெண் செய்திப் படப்பிடிப்பாளர் என்று இன்று போற்றப்படும் ஒருவருக்கு உரிய மதிப்பு முழுமையாக வந்துசேர்ந்தது வாழ்வின் இறுதியிலேதான்.

இனி, தொடக்கத்திற் கூறிய குற்றச்சாட்டுக்கு வருவோம். இன்று கமரா ஒவ்வொரு மாணவியின் கைத்தொலைபேசிக்குள்ளும் இருக்கிறது. 12 படங்களோடு சுருள் முடிவதில்லை, ஒளிக்குமிழ் எரிந்துபோவதில்லை, படம் ஒன்றுக்கு 1 ரூபா தரும் ஆசிரியரின் தயவும் வேண்டியதில்லை. கருவி எளிதாகிவிட்டது. எளிதாகாதது கண்ணின் பயிற்சியே. தன் உடையைத் தெரிந்தெடுக்கும் மாணவி, தான் எவ்வாறு காணப்படவேண்டும் என்று சிந்திக்கிறாள். அச்சிந்தனை அவளோடு நின்றுவிடுமாயின் அது கண்ணாடியின் முன் நிற்கும் வேலையேயாகும். எதிரே நிற்கும் மீன்காரியும், தேயிலை கொய்யும் பெண்ணும், தைத்தற்சாலையிலிருந்து இரவிலே திரும்பும் யுவதியும் தாம் எவ்வாறு காணப்பட விரும்புவர் என்று அவள் எண்ணத் தொடங்கும்போது அது சமூக அறிவாக மாறுகிறது. இம்மாற்றத்துக்குத் துணைசெய்வது ஆசிரியரின் கடமை. கமராவைப் பறித்து அலுமாரியிற் பூட்டுவது அக்கடமை ஆகாது.

எனவே, நமது கல்லூரிகளிலே இதற்குச் சிறு தொடக்கம் ஒன்றைச் செய்யலாம். மாணவர் தம் ஊரின் மனிதரை, அவர்தம் சம்மதத்தோடும் மரியாதையோடும் படம்பிடிக்கட்டும். படத்தின் கீழே, படத்தில் இருப்பவர் பெயரையும், எடுத்தவர் பெயரையும், நாளையும், இடத்தையும் எழுதி வைக்கட்டும். பெயரில்லாத படம் அரைச் சாட்சியமே. பிறர் பெயரில் வந்த படமோ அநீதி. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, திரும்பப் பெறமுடியாத ஏடுகள் எத்தனை அழிந்தன என்பதை நாம் அறிவோம். சாட்சியங்களை இழந்து பழகிய மக்களுக்கு, ஒரு மாணவி கவனத்தோடு எடுத்துப் பெயரிட்டுப் பாதுகாத்த ஒரு படமும் பெருஞ் செல்வமே. ஹோமாய் தம் படங்களைத் தாமே பேணி வைத்திருந்ததனாலன்றோ ஒரு தேசம் தன் முகத்தை மீண்டும் காணமுடிந்தது? நமது வகுப்பறைகளின் பின்வரிசையிலே, ஆசிரியர் காணாதவாறு கமராவை மறைத்து வைத்திருக்கும் மாணவியரிடம் இதனை நாம் எடுத்துரைத்தல் வேண்டும்.